மதராஸ் ஹெரால்டுக்கு இங்கிலாந்துப் பீடிங் பொருந்துமா?

வாசகர் கேள்வி, 4 ஜூன் 2023

என்னிடம் 1966ஆம் ஆண்டின் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. டிங்கரிங் வேலை முடிந்து, அடுத்த வாரம் பெயின்ட்டுக்குக் கொடுக்கப் போகிறேன். பக்கவாட்டுப் பீடிங் (உடலோரமாக ஓடும் உலோக அலங்காரப் பட்டை), மோனோகிராம் (பெயர் எழுத்துச் சின்னம்), டிக்கி மூடியின் குரோம் துண்டு, கண்ணாடி ரப்பர் ஆகிய எதுவும் உருப்படியாக இல்லை. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இவற்றைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இரண்டும் ஒரே கார்தானே, முழு செட்டையும் வரவழைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது என் கணக்கு. பொருத்திப் பார்த்தவர் யாரேனும் உண்டா?

பதில், 5 ஜூன் 2023, காலை

முதலில் பெயின்ட்டை நிறுத்துங்கள். காரணத்தை இரவு எழுதுகிறேன்.

5 ஜூன் 2023, இரவு

"ஒரே கார்" என்பது பாதி உண்மை. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டும், 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி வரைந்த ஒரே உருவத்திலிருந்து வந்தவை. ஆனால் அங்கே 1961லேயே 1200 என்ற மாடல் வந்து, பிறகு 12/50, 13/60 என்று வண்டி மாறிக்கொண்டே போயிற்று. இங்கே 948 சி.சி. எஞ்சினை வைத்துக்கொண்டு நம்மவர்கள் வேறு வழியில் போனார்கள். அங்குள்ள விலைப்பட்டியலில் "ஹெரால்டு" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 1200, 13/60 ஆகியவற்றையே குறிக்கும். உங்கள் கார் அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு தம்பி.

என்னுடையது 1970இன் நான்கு கதவு. நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் தயாரிக்கப்படவே இல்லை; அது இந்தியாவுக்கு மட்டுமே உரிய வடிவம். ஆகவே பின்கதவின் பீடிங்கையோ ரப்பரையோ எந்த நாட்டுக் கடையிலும் நான் கேட்க முடியாது. நீங்கள் அந்த விதத்தில் கொடுத்து வைத்தவர்.

இனி, பெயின்ட்டை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்கு உடற்கூடு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோவைப் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிக்கொண்டுவிட்டதால், முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லாமல், அதைப் பல துண்டுகளாகப் பிரித்து வெவ்வேறு பட்டறைகளில் செய்து, தனிச் சேசிஸின் மேல் போல்ட் போட்டு இணைக்கும்படி ஹெரால்டை அமைத்தார்கள். அடிபட்ட காரைச் சரிசெய்பவருக்கு இந்த ஏற்பாடு வரம். பீடிங் பொருத்துபவருக்குச் சோதனை. பக்கவாட்டுப் பீடிங் பானெட்டில் ஒரு துண்டு, கதவில் ஒரு துண்டு, பின்மட்கார்டில் ஒரு துண்டு என்று ஓடுகிறது. பானெட் முன்பக்கக் கீலில் ஏறி இறங்கவும் முன்னும் பின்னும் நகரவும் இடம் உண்டு. கதவின் கீலிலும் உண்டு. கூடு சேசிஸில் உட்காரும் இடத்தில் வைக்கும் தகடுகளைக் கூட்டிக் குறைக்கவும் வழி உண்டு. இவை மூன்றும் சரியாக அமையாத காரில் உலகத்திலேயே துல்லியமான பீடிங்கைப் போட்டாலும் அது படிக்கட்டு மாதிரிதான் தெரியும். பழி புதுப் பீடிங்கின் மேல் விழும்.

எனவே பிரைமர் நிலையிலேயே எல்லா அலங்கார உறுப்புகளையும் ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்ற வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு துளையைப் பெரிதாக்க அரத்தை எடுப்பவன் படும் பாட்டை நான் பட்டிருக்கிறேன்.

6 ஜூன் 2023

தனிச்செய்தியில் ஒருவர், "புதிதாகச் செய்தது என்றால் டூப்ளிகேட்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு" என்று கேட்டிருக்கிறார். நம் கடைத்தெருவில் ஒரிஜினல், டூப்ளிகேட் என்று இரண்டே சாதி. ஓடிக்கொண்டிருக்கும் மாடலுக்கு அந்தப் பிரிப்பு போதும். ஒரிஜினல் செய்த நிறுவனமே 1980களின் இறுதியில் மூடிய பிறகு, டூப்ளிகேட்டிலும் நல்லது கெட்டது பார்க்கக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

9 ஜூன் 2023

நகல் உறுப்பு ஏன் பொருந்துவதில்லை என்பதை என் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன்.

டிக்கி மூடியில் இருந்த குரோம் துண்டு உளுத்துப் போயிருந்தது. அது துத்தநாகக் கலவையில் வார்த்தது. இங்கிலாந்தில் இதை மசாக் என்பார்கள். அந்த உலோகம் இரும்பைப் போல வெளியிலிருந்து துருப்பிடிப்பதில்லை. பிளேட்டிங்கில் ஒரு நுண்துளை கிடைத்தால் போதும், அதன் அடியில் அரித்துக்கொண்டே போய், மேலே அம்மைக் கொப்புளம் போலக் கிளப்பிவிடும். என் துண்டில் கொப்புளம் இல்லாத இடம் குறைவு.

நான் இருப்பது கோயம்புத்தூர். தடுக்கி விழுந்தால் ஃபவுண்டரி வாசலில் விழும் ஊரில் இருந்துகொண்டு ஒரு துண்டுக்காக இங்கிலாந்துக்கு எழுதுவதா என்ற வீம்பில், பழைய துண்டையே அச்சாக மண்ணில் வைத்துப் பித்தளையில் வார்த்துத் தரச் சொன்னேன். பார்வைக்கு மிக நன்றாக வந்தது. காரில் வைத்தால் ஒரு திருகு உட்கார்ந்தது, மறு திருகு துளையின் விளிம்பில் போய் நின்றது. அளந்து பார்த்தேன். பழைய துண்டில் துளைக்குத் துளை 200 மி.மீ.; புதியதில் 197.

மூன்று மில்லிமீட்டரை யாரும் திருடவில்லை. உருகிய பித்தளை உறைந்து ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும், 200க்கு 3. அலுமினியம் நூற்றுக்கு 1.3 அளவில் சுருங்கும். பேட்டர்ன், அதாவது மண்ணில் பதிக்கும் மாதிரி அச்சு, செய்பவர்கள் இதற்கென்றே தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் 200 என்று போட்டிருக்கும் கோடு உண்மையில் 203இல் இருக்கும். தச்சர் ஒருவர் அந்த அளவுகோலைத் தெரியாமல் வாங்கிப்போய் அலமாரி செய்த கதை ஒன்று இங்கே உலவுகிறது. உண்மையோ பொய்யோ, எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

உலகம் முழுவதும் விற்கும் சிறு உறுப்பு நகல்களில் பலவும் இப்படிப் பழைய துண்டை வைத்து எடுத்தவைதாம். வரைபடத்தை வைத்துச் செய்தால் அளவு சரியாக வரும். பழைய துண்டை வைத்துச் செய்தால் தேய்மானமும் சுருக்கமும் சேர்ந்தே வரும். ஆகவே விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அன்று. "இதை எதை வைத்து எடுத்தீர்கள்" என்பதுதான். கேள்வி புரியாதவரிடம் வாங்காதீர்கள்.

10 ஜூன் 2023

நேற்றைய குறிப்பைப் படித்த என் பேட்டர்ன்காரர் தொலைபேசியில் அழைத்துத் திட்டினார். 203க்கு மரத்தில் செய்தால் போதும் என்பது போல நான் எழுதியிருப்பது அரைகுறை. ஒரே ஒரு துண்டு வேண்டுமானால் மரப் பேட்டர்ன் போதும். அப்போது சுருக்கம் ஒரு முறைதான். பத்து இருபது துண்டு எடுக்க அலுமினியப் பேட்டர்ன் வேண்டுமென்றால், மரத்திலிருந்து அலுமினியத்துக்கு ஒரு முறை, அலுமினியத்திலிருந்து பித்தளைக்கு மறுமுறை என்று இரண்டு சுருக்கத்தையும் மரத்திலேயே சேர்த்துவிட வேண்டும். அதோடு மண்வார்ப்பின் சொரசொரப்பை அரத்தில் தேய்த்து, பஃபிங்கில் மெருகேற்றும்போது போகும் கனத்துக்கும் இடம் விட வேண்டும்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் பொன்னான யோசனையாகப் பட்டது. பின்பக்கத் திருகு மேடுகளைத் துளையில்லாமல் திண்ணமாக வார்த்துக்கொள்ளுங்கள். காரில் இருக்கும் துளைக்கு நேராகக் குறித்து, பிறகு டிரில் போட்டு மரை வெட்டுங்கள் என்றார். நகல் காருக்கு ஒத்துவர வேண்டுமே தவிர பழைய துண்டுக்கு அன்று. என் இரண்டாவது வார்ப்பு அப்படித்தான் பொருந்தியது.

14 ஜூன் 2023

"பழைய குரோமையே மறுபடி பிளேட்டிங் செய்துகொள்ளக் கூடாதா" என்று கேட்டவருக்கு.

தாராளமாகச் செய்யலாம், உலோகம் எது என்று தெரிந்தால். பித்தளை, இரும்பு ஆகியவற்றுக்குக் கவலை இல்லை. மசாக்குக்கு மட்டும் முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள், பிறகு துண்டை நீட்டுங்கள். என்னிடம் இரண்டு கைப்பிடிகள் இருந்தன. ஒரு பட்டறையில் கொடுத்தேன். பழைய குரோமையும் துருவையும் எடுக்க வழக்கம்போல் அமிலத் தொட்டியில் முக்கிவிட்டார்கள். துத்தநாகமும் அமிலமும் சந்தித்தால் என்ன ஆகும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். மாலையில் போனபோது, "சார், நீங்கள் கொடுத்ததில் சரக்கே இல்லை, வெறும் பிளேட்டிங்தான் இருந்தது" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு திருகும், அப்பளம் போல ஏதோ ஒன்றும் இருந்தன.

முறை இதுதான்: துத்தநாக வார்ப்பில் குழிகளைச் சுரண்டித் தூய்மை செய்து, அதற்குத் தகுந்த கரைசலில் மெல்லிய செம்புப் பூச்சு கொடுத்து, குழிகளை நிரப்பி, மேலும் செம்பு ஏற்றித் தேய்த்து, பிறகு நிக்கல், கடைசியில் குரோம். கண்ணுக்குத் தெரியும் பளபளப்பில் பெரும்பங்கு நிக்கலுடையது. அலங்காரக் குரோமின் கனம் ஒரு மைக்ரானில் பாதிகூட வராது. நிக்கல் பத்து முதல் நாற்பது மைக்ரான் வரை இருக்கும். "டபுள் குரோம் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், நிக்கல் எவ்வளவு என்று கேளுங்கள்.

மோனோகிராம் எழுத்துகளில் பஃபிங்கைக் கண்காணியுங்கள். சக்கரத்தில் அதிகம் பிடித்தால் எழுத்தின் விளிம்பெல்லாம் உருண்டு, சோப்பில் செதுக்கியது போல ஆகிவிடும். நகல் மோனோகிராமையும் உண்மையானதையும் பக்கத்தில் வைத்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த விளிம்புதான்.

15 ஜூன் 2023

அப்பளத்தை இன்னும் வைத்திருக்கிறேனா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வைத்திருக்கிறேன். உடைந்தாலும் உளுத்தாலும் எந்தப் பழைய துண்டையும் எறியாதீர்கள். துளைத் தூரத்தை அளக்கவாவது ஆகும். அந்த இரண்டு மட்டும் அதற்கும் ஆகவில்லை.

21 ஜூன் 2023

பீடிங் பற்றி எழுதாமலேயே இருந்துவிட்டேன். கேள்வியே அதைப் பற்றித்தான்.

காந்தத்தையும் கண்ணையும் வைத்து முதலில் உலோகத்தைக் கண்டுபிடியுங்கள். எவர்சில்வர் பட்டையா, அலுமினியமா, குரோம் போட்ட பித்தளையா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி. எவர்சில்வர் பீடிங் என்றால் புதியதை வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப் போடுங்கள். அதற்குப் பிளேட்டிங் கிடையாது; முழுவதும் ஒரே உலோகம்; ஒடுக்கை எடுத்து மெருகேற்றினால் புதியதுதான். பின்பக்கத்திலிருந்து மரத்துண்டையும் சிறு சுத்தியலையும் வைத்துத் தட்டித் தட்டி ஒடுக்கை எழுப்பி, மேடு எங்கே இருக்கிறது என்று அரத்தால் லேசாகத் தொட்டுப் பார்த்து, 400, 800, 1200 என்று உப்புத்தாளை மாற்றித் தேய்த்து, கடைசியில் துணிச் சக்கரத்தில் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் எவர்சில்வர் அடித்த இடத்தில் இறுகிவிடும். பிறகு எந்தச் சுத்தியலுக்கும் இணங்காது.

பாத்திரக்கடைக்குப் பாலிஷ் போடும் பெரியவர் ஒருவரிடம் என் பீடிங்கைக் கொண்டுபோனேன். "குடம் கொண்டு வா, அண்டா கொண்டு வா, இதென்ன தம்பி வாள் மாதிரி" என்று தயங்கினார். அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. நீளமான பட்டையைக் கையில் பிடித்துச் சக்கரத்தில் காட்டினால், சக்கரம் முனையைப் பிடுங்கிக்கொள்ளும். முதல் துண்டு அப்படியே பறந்து சுவரில் மோதிக் கேள்விக்குறி வடிவத்தில் விழுந்தது. தெய்வாதீனமாக அந்தப் பக்கம் யாரும் இல்லை. அடுத்த துண்டுகளை நேரான மரச்சட்டத்தில் இறுக்கிக்கொண்டு போனேன். ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது.

அலுமினியப் பட்டை என்றால் வேறு கதை. அதன் மேல் ஆனோடைசிங் (மின்வேதி முறையில் ஏற்றிய ஆக்சைடு படலம்) இருந்தால் அந்தப் படலத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் நீக்கிய பிறகே மெருகேறும். அந்த வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அதைச் செய்யாமல் நாள் முழுக்கத் தேய்த்தவர்கள் உண்டு; ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

புதிய எவர்சில்வர் பீடிங் நேரான நீளமாகத்தான் வரும். வளைவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பழைய துண்டின் முனை அச்சில் அமுக்கி மடிக்கப்பட்டிருக்கும். நகலின் முனையோ ரம்பத்தால் வெட்டிவிட்டாற்போல் இருக்கும். பழைய முனையை வெட்டி வெள்ளிப் பற்றவைப்பில் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியது, ஆனால் இணைப்பின் நிறம் வேறாகத் தெரிந்தது. அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

22 ஜூன் 2023

கிளிப்பை மறந்துவிட்டேன். பீடிங்கைப் பிடித்து நிற்பது கிளிப். டிங்கர் வேலையில் பட்டி இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறிவிட்டால், கிளிப்பின் கால் தகட்டைத் தாண்டிப் போய் விரிய இடமில்லாமல் பீடிங் துள்ளிக்கொண்டு நிற்கும். உங்கள் காரில் பட்டி எவ்வளவு என்று ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி அதிகம். துளை ஓரங்களில் பிரைமரும், கிளிப்புக்கு அடியில் கொஞ்சம் மெழுகும் வையுங்கள். பழைய கார்களில் துரு பெரும்பாலும் பீடிங் துளையிலிருந்துதான் புறப்பட்டிருக்கும்.

2 ஜூலை 2023

இளைஞர் ஒருவர், "இவ்வளவு பாடு எதற்கு? பழைய துண்டை ஸ்கேன் செய்து, கணினியில் நூற்றுக்கு ஒன்றரை பெரிதாக்கி, முப்பரிமாண அச்சில் பேட்டர்ன் எடுத்துக்கொள்ளலாமே" என்று எழுதியிருக்கிறார். அருமையான யோசனை, என் வயதுக்காரர்கள் வீம்புக்கு மறுக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை மட்டும். ஐம்பது வருடத்தில் அந்தத் துண்டு எங்கெல்லாம் வளைந்திருக்கிறதோ, எந்த மூலை தேய்ந்திருக்கிறதோ, அதையெல்லாம் ஸ்கேனர் பக்தியோடு நகலெடுத்துக் கொடுக்கும். ஆகவே ஸ்கேன் செய்வதற்கு முன் துண்டைக் காரில் வைத்துப் பார்த்து, எங்கே இடைவெளி விழுகிறது என்று குறித்து, அந்த இடங்களில் மெழுகு வைத்து நிரப்பிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

8 ஜூலை 2023

ரப்பர். என் பின்கதவு ரப்பரின் கதையைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள்.

கடையில் "ஹெரால்டு ரப்பர்" என்று கேட்டால் ஏதோ ஒன்றை எடுத்து நீட்டுவார்கள், கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், மாட்டினால் கதவு மூடாது. நான் கண்டுபிடித்த வழி எளியது. பழைய ரப்பரில் நசுங்காத ஓர் இடத்தில், பெரும்பாலும் மேல்மூலைக்கு அருகில், ஒரு சென்டிமீட்டர் துண்டைப் பிளேடால் செங்குத்தாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தை ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, கிராஃப் தாளில் முத்திரை குத்துங்கள். கடை மாதிரிக்கும் அப்படியே. இரண்டு முத்திரையையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் உதடு எங்கே குட்டை, காடி எங்கே அகலம் என்பது தெரிந்துவிடும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் ரப்பரில் பெரிய விஷயம்.

என் பின்கதவுக்கு அப்படிப் பதினோரு முத்திரை குத்திப் பார்த்து, கடைசியில் வேறு ஏதோ வண்டிக்கு வந்த ஒரு ரப்பர் ஒத்துப்போயிற்று. எந்த வண்டி என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. இருந்த இருபது அடியையும் வாங்கிக்கொண்டேன்.

முன்கண்ணாடி ரப்பரை முதலில் கண்ணாடியில் சுற்றி, உள்காடியில் மெல்லிய கயிற்றைச் செலுத்தி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும். சோப்புத் தண்ணீர் போதும். நீளத்தைக் கணக்காக வெட்டாதீர்கள். ஒரு சென்டிமீட்டர் அதிகம் விட்டு நெருக்கித் திணியுங்கள். ரப்பர் நாளடைவில் குறுகும். இணைப்பைக் கீழ்ப்பக்க நடுவில் வையுங்கள்.

9 ஜூலை 2023

சோப்புத் தண்ணீர் என்று பொதுவாகச் சொன்னது தவறு. ரப்பரில் அலுமினியப் பூட்டுப் பட்டை வருமானால் காரம் மிகுந்த துணி சோப்பு அதை மங்கச் செய்யும். குளியல் சோப்பு போதும். எண்ணெய், கிரீஸ் எதையும் தொடாதீர்கள். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும்.

30 ஜூலை 2023

சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்காதா என்ற கேள்விக்குத் தாமதமான பதில். கடந்த வாரம் போயிருந்தேன். அம்பாசடர் பீடிங்கும் கிரில்லும் ஏராளம். 1958இலிருந்து 2014 வரை ஓடிய வரிசைக்கு உதிரி கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் அம்பாசடர்காரர்களும் நிம்மதியாக இல்லை. 1962இல் மார்க் 2, 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4 என்று முகம் மாறிக்கொண்டே போனதால், மார்க் 1 வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மார்க் 2 கிரில்லை "கிட்டத்தட்ட அதேதான்" என்று வாங்கி வந்து, மூன்று மாதமாகக் கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டிருக்கிறார்.

ஹெரால்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வீல் கப். அதுவும் கெசலுடையது என்று கடைக்காரர் சாதித்தார். 1972இல் வந்த கெசல் நம் நான்கு கதவு ஹெரால்டின் வழியில் பிறந்ததுதான், பின் ஆக்ஸிலை மாற்றினார்கள். அதனால் கெசல் உதிரியையும் தேடுங்கள், ஆனால் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வீல் கப்பை வாங்கினேன், பொருந்தியது. எனக்கு ஏற்கெனவே நான்கு இருந்தன.

19 ஆகஸ்ட் 2023

கேள்வி கேட்டவருக்கு இங்கிலாந்துப் பார்சல் வந்துவிட்டது. பொறுக்காமல் ஜூனிலேயே எழுதிவிட்டாராம். அவர் அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்தேன். கதவுத் துண்டு பானெட் துண்டைவிட நான்கு மில்லிமீட்டர் கீழே ஓடுகிறது. "பீடிங் தவறு, திருப்பி அனுப்பப் போகிறேன்" என்கிறார்.

திருப்பி அனுப்பாதீர்கள். கொத்தனார் நூல் பிடிப்பது போல முன்னிருந்து பின்வரை ஒரு நூலைக் கட்டுங்கள். பின்மட்கார்டு நகராது, அதையே அளவாகக் கொள்ளுங்கள். பிறகு கதவு, கடைசியில் பானெட். இந்த வரிசையை மாற்றினால் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவீர்கள். பானெட்டின் பின்னோரம் ரப்பர்க் கூம்புகளின் மேல் உட்காருகிறது. அந்தக் கூம்பு தேய்ந்திருந்தால் பானெட் தாழும், புதியதாக உயரமாக இருந்தால் எழும்பும். பக்கப் பூட்டுகளை மாட்டிய நிலையில்தான் அளக்க வேண்டும்.

20 ஆகஸ்ட் 2023

நூல் கட்டிப் பார்த்தாராம். பானெட் நான்கு மில்லிமீட்டர் எழும்பி நிற்கிறது. புதிய கூம்பு போட்டிருக்கிறார். பீடிங்கின் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனால் டிக்கி மூடியின் குரோம் துண்டு துளைக்குத் துளை இரண்டரை மில்லிமீட்டர் குட்டை. அது எதை வைத்து எடுத்தது என்று இப்போது அவரே சொல்லிவிடுவார்.

3 செப்டம்பர் 2023

சேலம் போகும் வழியில் காரை நேரில் பார்த்தேன். பானெட்டை இறக்கி, கீலில் தகடு சேர்த்து, பீடிங்கின் மூன்று துண்டும் நூலில் நிற்கின்றன. முன்கண்ணாடி ரப்பரின் முத்திரை ஒத்துப்போகிறது. இங்கிலாந்து ரப்பரையே போடலாம். டிக்கித் துண்டுக்கு என் பேட்டர்னைக் கொடுத்துவிட்டு வந்தேன். திருகு மேடு திண்ணமாக வரட்டும்.

செட்டோடு சேர்த்து, 1200இல் வரும் வெள்ளை ரப்பர்ப் பம்பர் உறைகளையும் வாங்கியிருக்கிறார். அவர் காரின் பம்பர் தாங்கிகளோடு அவை பொருந்தவில்லை. வேறொருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம். இடது கதவில் மட்டும் யாரோ முன்பு வேறு பீடிங்கை மாட்ட நான்கு துளைகள் போட்டுப் பட்டியால் மூடியிருந்தார்கள். தட்டியதும் பட்டி உதிர்ந்தது. அவற்றைப் பற்றவைத்து அடைத்து, உள்பக்கம் பிரைமர் கொடுத்த பிறகு காரைப் பெயின்ட்டுக்கு அனுப்பலாம்.